ஏழு டாக்டருக்கு ஒரு நர்ஸ்! - நாம் படித்த படிப்பு பிறந்த கதை

மலர்க்குழுத் தம்பி தங்கைகள் "அக்கா, நீங்க ஒரு கட்டுரை கண்டிப்பா தரணும்" என்று கேட்டபோது, விடுதி நினைவுகளைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். விடுதிச் சாம்பார், மேட்ரன் செருப்புச் சத்தம் கேட்டதும் அணைகிற விளக்கு, கஞ்சி போட்டு விறைத்து நிற்கிற கேப் இவற்றையெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுதக் கூடியவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

நான் இந்தக் கல்லூரியில் படித்து, வார்டில் சில வருஷம் வேலை பார்த்து, பிறகு டியூட்டராகி ஓய்வு பெற்றவள். முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு நர்சிங் வரலாறு என்று சில பக்கங்கள் உண்டு. அதைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். 1871, 1908, 1926, 1946, 1947 என்று வருஷங்களைப் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் செய்து, மறுநாள் எழுதிவிட்டு, மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். குற்றம் சொல்ல முடியாது. அந்த வருஷங்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை.

அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நம் நாடு வறுமையிலும் போரிலும் பஞ்சத்திலும் பிரிவினையிலும் தத்தளித்த காலத்தில்தான் நம் படிப்பு உருப்பெற்றது. இன்று உலகத்தில் பல நாடுகள் அதே நிலையில் இருக்கின்றன. அங்கேயெல்லாம் நர்சிங்கை எப்படி வளர்ப்பது என்று பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள். நம் சொந்த வீட்டுக் கதையிலேயே அதற்குப் பாதி பதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நாலு மாணவிகள், ஆறு மாதம்

தொடக்கம் நம்ம சென்னையில்தான். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1664இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்காக ஒரு ஆஸ்பத்திரி வைத்தது. அதுதான் வளர்ந்து இன்றைய அரசு பொது மருத்துவமனை ஆனது. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியின் பிறப்பு 1844. சென்னையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி வைக்க 1854இல் அரசு அனுமதி தந்தது. பிறகு 1871இல் பொது ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஆறு மாதப் படிப்பு, நாலே நாலு மாணவிகள்! இன்று ஒரு கல்லூரியின் ஒரு வகுப்பிலேயே ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, அந்த வரிசையின் முதல் பெஞ்சு அந்த நாலு பேர்.

ஏன் நாலு பேர்? வரமாட்டார்கள், அதுதான் காரணம். அந்நிய ஆணின் உடம்பைத் தொட வேண்டும், எந்தச் சாதிக்காரன் என்று பார்க்காமல் மலஜலம் எடுக்க வேண்டும், ராத்திரி வீட்டுக்கு வெளியே தங்க வேண்டும். எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? வந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலோ-இந்தியப் பெண்கள், கிறிஸ்தவப் பெண்கள். மிஷன் ஆஸ்பத்திரிகளில் விதவைகளும், அனாதை இல்லத்தில் வளர்ந்த பெண்களும் சேர்ந்தார்கள். சமூகம் யாரை ஓரத்தில் நிறுத்தியதோ, அவர்கள்தான் சமூகத்தின் நோயாளிகளைத் தூக்கி நிறுத்தினார்கள்.

வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவப் பணியைத் தொடங்கியது நமக்குத் தெரியும். அங்கே நர்ஸ் பயிற்சிப் பள்ளி 1909இல் வந்துவிட்டது. பெண் டாக்டர்களுக்கான பள்ளி 1918இல்தான் வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரி நடத்த முதலில் தேவைப்பட்டது யார் என்று அம்மையாருக்குத் தெரிந்திருந்தது.

1908இல் பயிற்சி பெற்ற நர்ஸ்களின் சங்கம் உருவானது. நாம் டி.என்.ஏ.ஐ. என்று சொல்கிறோமே, அதுதான். 1910இல் அதன் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. சின்னச் சங்கம்தான், ஆரம்பத்தில் வெள்ளைக்கார மேட்ரன்களின் கைதான் ஓங்கியிருந்தது. ஆனாலும் நர்ஸ்கள் பேசுவதற்கென்று ஒரு இடம் கிடைத்தது.

பதிவேடு என்ற காவல்

அடுத்து 1926. சென்னை மாகாண நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம். பிள்ளைகள் இதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்னால் வெள்ளைச் சேலை கட்டிய யார் வேண்டுமானாலும் தன்னை நர்ஸ் என்று சொல்லிக் கொள்ளலாம். மூன்று வருஷம் கஷ்டப்பட்டுப் படித்தவளும், மூன்று மாதம் வார்டு பெருக்கியவளும் வெளியில் ஒன்றுதான். சட்டம் வந்த பிறகு, பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும், பதிவேட்டில் ஏறப் பரீட்சை தேற வேண்டும், பரீட்சை எழுத அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கு வந்தது.

இன்றைக்கு நம் பெயருக்குப் பின்னால் போடுகிறோமே ஆர்.என்., ஆர்.எம். என்று, அந்த ஆர் என்கிற எழுத்துக்கு இருக்கிற பலம் அந்தப் பதிவேட்டின் பலம். நோயாளிக்கும் அது காவல், நமக்கும் அது காவல்.

குறையும் இருந்தது. ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாகச் சட்டம் போட்டது. ஒரு மாகாணத்தில் பதிவான நர்ஸ் இன்னொரு மாகாணத்துக்குப் போனால் அவள் படிப்பு செல்லுமா செல்லாதா என்ற குழப்பம். நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வர இன்னும் இருபது வருஷம் ஆயிற்று. அதற்குள் உலகமே தலைகீழானது.

போரும் பஞ்சமும்

1942. ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. ரங்கூனில் பிழைத்துக் கொண்டிருந்த நம் தமிழ் மக்கள் உட்பட லட்சக்கணக்கானோர் காடு மலை தாண்டி நடந்தே இந்தியா வந்தார்கள். வழியிலேயே காலராவிலும் மலேரியாவிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையே பாதி காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு மாறின. அந்தக் காலத்துப் பாட்டிமார்களைக் கேட்டால் "குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினோம்" என்பார்கள்.

அடுத்த வருஷம், 1943, வங்காளப் பஞ்சம். ஏறக்குறைய 30 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். இதில் பட்டினியால் நேரடியாகச் செத்தவர்களைவிட, பட்டினியைத் தொடர்ந்து வந்த மலேரியா, காலரா, பெரியம்மையால் செத்தவர்கள்தான் அதிகம். இங்கேதான் நர்சிங் வருகிறது. பட்டினி கிடந்த உடம்புக்குச் சோற்றை ஒரேயடியாகக் கொடுத்துவிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் பார்த்து, நாடி பார்த்து ஊட்ட வேண்டும். வயிற்றுப்போக்கில் போன தண்ணீரை அளந்து திருப்பி ஏற்ற வேண்டும். எலும்பும் தோலுமாய்க் கிடப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். ஒரு டாக்டர் காலையில் வந்து பார்த்து எழுதிவிட்டுப் போகலாம். மீதி 23 மணி நேரம் யார் பார்ப்பது?

பார்க்க ஆள் இல்லை. இருந்த பயிற்சி பெற்ற நர்ஸ்களையும் ராணுவம் இழுத்துக் கொண்டது. அவசரத்துக்குத் துணை நர்சிங் சேவை என்று ஒன்றைத் தொடங்கி, குறுகிய காலப் பயிற்சி கொடுத்துப் பெண்களை ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பலர் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். ஆனால் போர் முடிந்ததும் அந்தக் குறுகிய காலப் பயிற்சியும் முடிந்து போயிற்று.

அதே 1943இல் இன்னொரு காரியமும் நடந்தது. டெல்லியில் நர்சிங் நிர்வாகப் பள்ளி தொடங்கப்பட்டது. வார்டு நடத்தவும், நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் தெரிந்த நர்ஸ்களைத் தயார் செய்வது அதன் வேலை. வெளியே போர், பஞ்சம், ஆள் பஞ்சம். "இருக்கிற நாலு நர்ஸையும் வகுப்பில் உட்கார வைத்தால் நோயாளியை யார் பார்ப்பது?" என்று எந்த அதிகாரியும் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியையும் மீறித்தான் அந்தப் பள்ளி வந்தது. போரோடு அது போய்விடவில்லை. மூன்று வருஷத்தில் கல்லூரியாக வளர்ந்தது. இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக் கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

போர்க்காலத்தில் ஒரு போர் கமிட்டி

1943 அக்டோபரில் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. வகுப்பில் "போர் கமிட்டி" என்று சொன்னதும் யாராவது ஒரு பிள்ளை "எந்தப் போர் மேடம்?" என்று கேட்கும், எல்லோரும் சிரிப்பார்கள். அது அவருடைய பெயர். ஆனால் நடந்தது போர்க்காலத்தில்தான் என்பதால் இரண்டும் சரிதான் என்பேன். கமிட்டியில் நம் ஊர் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் உறுப்பினர்.

1946இல் வெளிவந்த அந்த அறிக்கை தந்த கணக்கைக் கேளுங்கள். நாட்டில் இருந்த டாக்டர்கள் 47,500, அதாவது 6,300 பேருக்கு ஒருவர். நர்ஸ்கள் 7,000, அதாவது 43,000 பேருக்கு ஒருவர். மருத்துவச்சிகள் 5,000. சுகாதாரப் பார்வையாளர்கள் 750 பேர்தான், 4 லட்சம் பேருக்கு ஒருவர்.

43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்பதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு கணக்கு. 47,500ஐ 7,000ஆல் வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட ஏழு டாக்டருக்கு ஒரு நர்ஸ்! எழுதிக் கொடுக்க ஏழு பேர், எழுதியதைச் செய்ய ஒரே ஒருத்தி.

கமிட்டி 1971க்கு என்று வைத்த இலக்கு என்ன தெரியுமா? டாக்டர்கள் 1,85,000, நர்ஸ்கள் 7,40,000. அதாவது ஒரு டாக்டருக்கு நாலு நர்ஸ். கணக்கை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டார்கள். நர்ஸ்களின் சம்பளம், குடியிருப்பு, வேலைப்பளு, சமூகத்தில் மதிப்பின்மை எல்லாவற்றையும் அறிக்கை ஒளிக்காமல் சொன்னது. பட்டப்படிப்பு வேண்டும் என்றும் சொன்னது. 1971 வந்தபோது நாம் 7,40,000க்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் என்ன விகிதம் இருக்க வேண்டும் என்று ஒரு அரசாங்க அறிக்கையில் எழுதி வைத்தார்களே, அது பெரிசு.

"பெட்பேன் எடுக்க பி.எஸ்ஸி. எதுக்கு?"

அதே 1946இல் டெல்லியிலும் வேலூரிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. டெல்லியில் அந்த நிர்வாகப் பள்ளிதான் நர்சிங் கல்லூரி ஆனது. இன்று அது ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வேலூர்க் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அப்போது பல்கலைக்கழகத் துணைவேந்தர் யார் தெரியுமா? போர் கமிட்டியில் உட்கார்ந்திருந்த அதே லட்சுமணசுவாமி முதலியார். 1942 முதல் 1969 வரை அவர்தான் துணைவேந்தர். மகப்பேறு மருத்துவர் அவர். பிரசவ வார்டில் நர்ஸின் கை எப்படி உயிரைக் காப்பாற்றும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பட்டம் என்பது வெறும் காகிதம் என்று சிலர் சொல்வார்கள். நான் படித்த காலத்திலேயே "பெட்பேன் எடுக்க பி.எஸ்ஸி. எதுக்கு?" என்று கேட்ட டாக்டர்களும் உண்டு, சொந்தக்காரர்களும் உண்டு. என் சித்தப்பாவே கேட்டார். அவருக்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை, வயசு அப்படி. இப்போது சொல்கிறேன். பெட்பேன் எடுக்கிறவளுக்கு அதில் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ரத்தமா, கறுப்பா, அளவு குறைந்திருக்கிறதா, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்து, ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். சித்தப்பா, அதுக்குத்தான் படிப்பு.

பட்டப்படிப்பால் இன்னொன்றும் நடந்தது. அதுவரை நர்சிங் பள்ளி என்பது ஆஸ்பத்திரியின் ஒரு கிளை. மாணவிதான் வார்டை ஓட்டுவாள். ஆள் குறைந்தால் வகுப்பு ரத்து. ஆஸ்பத்திரிக்கு மாணவி சம்பளமில்லாத வேலைக்காரி. பல்கலைக்கழகத்தின் கீழ் வந்ததும், பாடத்திட்டம், பரீட்சை, நூலகம் என்று மாணவிக்கு மாணவியாக இருக்கும் உரிமை வந்தது. சட்டப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நடைமுறையில் எத்தனை இடத்தில் வந்தது என்று படிக்கிற பிள்ளைகளுக்கே தெரியும்.

பிரிவினையின் நடுவே ஒரு சட்டம்

1947. சுதந்திரமும் பிரிவினையும் சேர்ந்தே வந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்டினார்கள். குருக்ஷேத்திரத்தில் கூடாரம் கூடாரமாய் அகதி முகாம். வெட்டுக்காயம், காலரா, கூடாரத்துக்குள் பிரசவம். இந்த அமளியின் நடுவே, அதே 1947இல், இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நிறைவேறியது. 1949இல் கவுன்சில் அமைந்தது. ஒரு மாநிலத்துப் பதிவு இன்னொரு மாநிலத்தில் செல்லுபடியாகவும், நாடு முழுக்கப் பயிற்சிக்கு ஒரே தரம் இருக்கவும் வழி பிறந்தது.

சுகாதார மந்திரியாக இருந்தவர் ராஜ்குமாரி அம்ரித் கௌர். மத்திய அரசில் நர்சிங்குக்குத் தலைமைப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் தெஹ்மினா அத்ரன்வாலா அம்மையார். டாக்டர்கள் சொல்லி நர்ஸ்கள் கேட்கிற இடத்தில், கொள்கை வகுக்கும் மேசையில் ஒரு நர்ஸ் உட்கார்ந்தார். அம்மையாரின் பெயரைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். நம் பிள்ளைகள் நைட்டிங்கேல் அம்மையாருக்கு வருஷா வருஷம் மே 12 அன்று விளக்கேற்றுகிறார்கள், ஏற்றட்டும், நானும் ஏற்றியவள்தான். நைட்டிங்கேல் அம்மையார் இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. இங்கேயே இருந்து பாடுபட்டவர்களுக்கும் ஒரு திரி போடலாமே.

எண்ணிக்கையும் தரமும்

பிறகு என்ன ஆயிற்று? ஏழை நாடு. கிராமத்துக்கு ஆள் வேண்டும், உடனே வேண்டும். 1950களின் தொடக்கத்தில் இரண்டு வருஷத் துணை நர்ஸ் - மருத்துவச்சிப் படிப்பு வந்தது. 1959இல் அமைந்த முதலியார் கமிட்டி, அதே நம் முதலியார்தான், மூன்று நிலையில் நர்ஸ்கள் வேண்டும் என்றது: பட்டம் பெற்றவர், அடிப்படை நர்ஸ், துணை நர்ஸ். 1973இல் கர்தார் சிங் கமிட்டி துணை நர்ஸைப் பல்நோக்குப் பணியாளராக்கச் சொன்னது. 1977இல் படிப்புக் காலம் 18 மாதமாகச் சுருங்கியது.

படிப்பைச் சுருக்கினார்கள், வேலையைச் சுருக்கவில்லை. ஊருக்கு ஊர் நடந்து தடுப்பூசி, பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு, காசநோய் மாத்திரை, அதற்கெல்லாம் ரெஜிஸ்டர் எழுதுவது எல்லாம் அவள் தலையில். நம் ஊரில் கிராம சுகாதாரச் செவிலியர் என்று சொல்கிறோம். ஊர் மக்களுக்கு அவர் "நர்ஸம்மா". 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்று கேட்காமலே தெரிந்திருந்தவர் யார்? இந்த நர்ஸம்மாதான்.

1987இல் மத்திய அரசு அமைத்த நர்சிங்குக்கான உயர்மட்டக் குழுவுக்குப் பிறகு தலைமை வகித்தவர் சரோஜினி வரதப்பன் அம்மையார். நம் முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள், சமூக சேவகி. 1989 அறிக்கையில் வாரத்துக்கு 40 மணி நேர வேலை, போதிய பணியிடம், ஒவ்வொரு மாநில இயக்ககத்திலும் நர்சிங்குக்கென்று உயர் பதவி என்று சொன்னார்கள். 40 மணி நேரம்! படிக்கும்போதே சிரிப்பு வருகிறதல்லவா? சிரிக்காதீர்கள், கேளுங்கள். கேட்பதற்கு ஆதாரமாகத்தான் அந்த அறிக்கை இருக்கிறது.

கவுன்சில் வைத்த அளவுகோல்படி பயிற்சி ஆஸ்பத்திரியில் மூன்று படுக்கைக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது ஆஸ்பத்திரியில் ஐந்து படுக்கைக்கு ஒரு நர்ஸ். நான் பணிபுரிந்த ஒரு ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், நைட் டியூட்டியில் 40 படுக்கைக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸும் இரண்டு மூன்றாம் வருஷ மாணவிகளும் இருப்பார்கள். காலையில் அதே மாணவிகள் என் வகுப்பில் தூங்கி விழுவார்கள். "சாரி மேடம்" என்று கண்ணைத் துடைத்துக் கொள்ளும் பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது? மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். "டியூட்டர் மேடம், உங்க வகுப்பு முக்கியமா, என் வார்டு முக்கியமா?" என்றார். அவரும் பாவம், அவர் கையில் ஆளில்லை. போர்க்காலத்துக் கேள்வி அப்படியே மாறாமல் எங்கள் நடுவில் நின்றது.

நல்லதும் நடந்திருக்கிறது. 2000களில் நம் மாநில ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை ஷிப்டு முறையில் போட்டு, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். பூட்டிக் கிடந்த நிலையங்களில் ராத்திரியிலும் குழந்தை அழும் சத்தம் கேட்டது. புதுக் கட்டடமோ பெரிய மிஷினோ இல்லாமல், மூன்று நர்ஸ்களால் வந்த மாற்றம் அது.

வெளியே ஒரு பார்வை

இப்போது உலகக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2023இல் உலகத்தில் 2 கோடியே 98 லட்சம் நர்ஸ்கள். பற்றாக்குறை 58 லட்சம். பற்றாக்குறையின் பெரும்பகுதி ஏழை நாடுகளில். அந்த நாடுகளில் படித்து வருபவர்களையும் பணக்கார நாடுகள் கூப்பிட்டுக் கொள்கின்றன. நம் பிள்ளைகளும் போகிறார்கள். 2014இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கு நடுவே சிக்கி, ஜூலையில் நாடு திரும்பிய 46 நர்ஸ்களை நாம் மறக்கவில்லை. படிப்புக்கு வாங்கிய கடனை அடைக்கத்தான் அவர்களில் பலர் போர் நாட்டுக்கே போனார்கள்.

ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். 2002இல் அங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1,600 தாய்மார் இறந்து கொண்டிருந்ததாக ஆய்வு சொன்னது. ஆண் டாக்டர் பெண்ணைத் தொடக் கூடாத ஊர். பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் நாடு முழுக்கச் சில நூறு பேர்தான். என்ன செய்தார்கள்? கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டு, குடும்பத்தைச் சம்மதிக்க வைத்து, அந்தந்த ஊர்ப் பெண்ணையே தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றரை வருஷம், பிறகு இரண்டு வருஷம் என்று பயிற்சி கொடுத்து, சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். 2005இல் அந்த மருத்துவச்சிகளுக்கென்று சங்கமும் வந்தது. சில ஆயிரம் பேர் தயாரானார்கள். நம் 1871 முதல் 1947 வரையான கதையை அவர்கள் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நடந்து முடித்தார்கள் என்று சொல்லலாம்.

பிறகு 2022 டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு சாத்தப்பட்டது. 2024 டிசம்பரில் மருத்துவ நிலையங்களில் நர்சிங், மகப்பேறு படித்துக் கொண்டிருந்த பெண்களையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. பரீட்சைக்குத் தயாராகிக் கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். படித்து முடித்த மருத்துவச்சிகள் இன்னும் வேலை பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் ஓய்வு பெற்ற பிறகு யார் வருவார்கள்? பயிற்சிப் பள்ளியை மூடினால் அன்றைக்கே வார்டில் எதுவும் தெரியாது. பத்து வருஷம் கழித்துப் பிரசவ அறையில் தெரியும்.

அன்புத் தம்பி தங்கைகளுக்கு

அந்த 1943க்குத் திரும்பி வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா? ஒவ்வொரு நெருக்கடியிலும் இரண்டு விதமான காரியங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று, அவசரத்துக்கு ஆள் சேர்த்துக் குறுகிய காலத்தில் பயிற்சி கொடுப்பது. தேவைதான், கொரோனா காலத்திலும் அதைச் செய்தோம். இன்னொன்று, அதே நெருக்கடியின் நடுவில் சொல்லிக் கொடுக்கிறவர்களைத் தயார் செய்வது, பதிவேட்டைக் காப்பது, மேசையில் ஒரு நாற்காலி கேட்பது. முதலாவது நெருக்கடியோடு கரைந்து போயிற்று. இரண்டாவதுதான் நமக்கு மிஞ்சியது. நானும் நீங்களும் இந்தக் கல்லூரிக்குள் வந்தது அந்த மிச்சத்தால்தான்.

1947 சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய நர்சிங், மகப்பேறு ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. மாணவப் பிள்ளைகள் அதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நம்மை ஆளப் போகிற சட்டத்தை நாம் படிக்காமல் வேறு யார் படிப்பது?

நம் சங்கத்துக்கு இரண்டு யோசனை. ஒன்று, வருஷத்துக்கு ஒரு பழைய மாணவிக்கோ மாணவனுக்கோ, ஆசிரியராக வர விரும்புகிறவர்களுக்கு, மேல்படிப்புக்கு உதவித்தொகை தரலாம். மேடை அலங்காரத்திலும் பொன்னாடையிலும் கொஞ்சம் குறைத்தாலே போதும். இரண்டு, 1960களில் 70களில் படித்த அக்காமார்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்த வார்டு, என்ன சம்பளம், எத்தனை நோயாளி, எந்தக் கொள்ளைநோய் என்று கேட்டு எழுதி நூலகத்தில் வைக்கலாம். அவர்கள் போய்விட்டால் அந்தக் கணக்கை எந்தக் கமிட்டியும் எழுதித் தராது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பொதுக்குழுவில் இந்த இரண்டையும் தீர்மானமாகக் கொண்டு வர இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். சாப்பிட்டதும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடாமல் தயவுசெய்து கொஞ்ச நேரம் இருங்கள்.